கோணவாய்க்குத் தீனி வைத்தது யார்

எண்பதை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் என் வயதுக்காரர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். என்னைச் சந்தேகப் பிராணி என்று நீங்கள் என் முதுகுக்குப் பின்னால் பேசுவது எனக்குத் தெரியும். கோபமில்லை, உண்மைதானே. பால்காரர் ஊற்றிவிட்டுப் போகும் பாலை இன்றைக்கும் விரலில் தொட்டு ஓடவிட்டுப் பார்க்கிறேன். மருமகள் "சாப்பிட்டுட்டேன் அத்தை" என்றால் எழுந்துபோய்ச் சோற்றுப்பானையைப் பார்க்கிறேன். இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று யோசித்துக்கொண்டே போனால், விழுப்புரத்தில் நான் நாலாவது படித்த வருஷத்தில் போய் நிற்கிறது. ஐம்பதுகளின் நடுவில். அந்த வருஷம் எங்கள் வீட்டில் ஒரு கோழிக்குஞ்சு இருந்தது. மேல் அலகு இடது பக்கமும் கீழ் அலகு வலது பக்கமும் திரும்பிய குஞ்சு. கோணவாய் என்று கூப்பிடுவோம்.

எங்கள் வீடு ரயில் எஞ்சின் ஷெட்டுக்குப் பின்னால் இருந்தது. கொடியில் வேட்டியைக் காயப்போட்டால் சாயங்காலம் கரிப்புள்ளியோடுதான் எடுக்க வேண்டும். அப்பா எஞ்சினில் பயர்மேன், வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். ஆகவே வீட்டை ஆண்டவள் அம்மா. சித்தப்பா மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டைகளை எடை போடுகிற வேலையில் இருந்தார். அண்ணி சொல்லுக்கு மறு சொல் பேசாதவர். அவருக்குத் திண்டிவனத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள் சித்தி. வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சித்தியின் அப்பா தையற்காரர். அதனால் சித்தியின் தகரப்பெட்டியில் புடவைகளோடு ஊசிகளும் நூல்கண்டுகளும், என் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு கத்தரிக்கோலும் இருந்தன. அந்தக் கத்தரிக்கோலை நான் தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டதுண்டு. சித்தி தர மாட்டாள், கையில் குத்திக்கொள்வேன் என்று சொல்லிப் பெட்டியைச் சாத்திவிடுவாள். அதில் எனக்கு ஒரு குறை இருந்தது.

ஆனி மாதத்தில் பகலில் ஒரு கிரகணம் வந்தது. சித்தி அப்போது மூன்று மாதம் முழுகாமல் இருந்தாள். கிரகணம் விடும்வரை பிள்ளைத்தாச்சி எதையும் நறுக்கக் கூடாது, கிள்ளக் கூடாது, மீறினால் பிள்ளைக்கு உதடு பிளந்துவிடும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அம்மா தண்ணீர்ப் பானையில் அருகம்புல்லைக் கிள்ளிப் போட்டாள். சித்தியை உள்ளறையில் படுக்க வைத்துக் கதவைச் சாத்தினாள், ஜன்னல் இடுக்கில் பழந்துணியை அடைத்தாள்.

அதே அறையின் மூலையில்தான் கோழி அடை காத்துக்கொண்டிருந்தது. மூங்கில் கூடையில் மணல் பரப்பி, அதன்மேல் வைக்கோல் போட்டு, ஒற்றைப்படையாகப் பதினோரு முட்டை. இடி இடித்தால் கூமுட்டையாகிவிடக் கூடாது என்று ஓர் ஆணியும் இரண்டு அடுப்புக்கரித் துண்டும். வீட்டு முட்டை போதாமல், வளவனூரிலிருந்து கூடை சுமந்து வரும் முட்டைக்காரம்மாவிடம் அம்மா நாலு முட்டை வாங்கி வைத்திருந்தாள். அந்த மாதிரிக் கூடையை இப்போது எங்கே பார்க்கிறோம். உள்ளே கையை விட்டால் கோழியின் வயிற்றுச் சூடு மணிக்கட்டு வரை ஏறும். அதற்காகவே நான் கொத்து வாங்கிக்கொண்டு கையை விடுவேன்.

ஒன்பது முட்டை பொரிந்தது. கடைசியாக வந்ததுதான் கோணவாய்.

அம்மா முட்டைக்காரம்மாவைப் பிடித்துக்கொண்டாள். இப்படியா முட்டை கொடுப்பாய், இனிமேல் இந்தத் தெருவில் யாரும் உன்னிடம் வாங்கக் கூடாது என்று சொல்லிவிடுவேன் என்றாள். முட்டைக்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டுக் குஞ்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கிரகணத்தன்று இது அடையில் இருந்ததா என்று கேட்டாள். இருந்தது என்றாள் அம்மா.

"வூட்ல முழுகாம யாராச்சும் கீறாங்களா?"

அம்மா உள்ளறையைத் திரும்பிப் பார்த்தாள்.

"அதாம்மா. வயித்துல வுழ வேண்டியது முட்டையில வுழுந்துக்கீது. இது வாங்கிக்கினு போச்சு. புள்ள பொறக்கற வரைக்கும் இது உசுரோட இருக்கணும். செத்துச்சுன்னா வந்த எடத்துக்கே திரும்பிப் போயிடும். புள்ளத்தாச்சி கண்ணுல மட்டும் இது படக் கூடாது."

இப்போது நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, வயிறும் எரிகிறது. முட்டைக்காரம்மா தன் வியாபாரத்தைக் காப்பாற்றிக்கொண்டாள். கூடையில் இருந்த பழியை எடுத்து எங்கள் வீட்டு உள்ளறையில் வைத்துவிட்டு அவள் பாட்டுக்குப் போய்விட்டாள். அம்மா அதற்குப் பிறகும் அவளிடம்தான் முட்டை வாங்கினாள்.

அன்றைக்கே அம்மா சித்தியைக் கேட்டாள். கிரகணத்தன்று உள்ளே எதையாவது வெட்டினாயா என்று. இல்லை, படுத்தேதான் கிடந்தேன் என்றாள் சித்தி. அம்மா அறையைத் தலைகீழாகப் புரட்டித் தேடினாள். தலையணைக்கு அடியில் பாதி தைத்த ரவிக்கை ஒன்று கிடைத்தது. அது முந்தின நாள் தைத்தது என்று சித்தி சொன்னாள். அம்மா அதை நம்பினாளா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த நாளிலிருந்து சித்தி ஒரு வார்த்தை சொன்னால் அம்மா அவள் கையைப் பார்ப்பாள். அம்மா பார்ப்பதைப் பார்த்து நானும் பார்க்கப் பழகினேன்.

கோணவாயைக் காப்பாற்றுகிற பொறுப்பு எனக்கு வந்தது. பெரியவர்கள் அதைத் தொடக் கூச்சப்பட்டார்கள். கொல்லைப்புறத்தில் சோப்புப்பெட்டிப் பலகையால் ஒரு கூண்டு செய்து, சித்தி கண்ணில் படாமல் இருக்க நடுவில் ஒரு கோணியைக் கட்டி அம்மா தொங்கவிட்டாள். மற்றக் குஞ்சுகள் இதைக் கொத்தி விரட்டியதால் இது தனியாகத்தான் இருந்தது. நொய்யைப் போட்டால் சரியாகக் குறிபார்த்துத்தான் கொத்தும், ஆனால் வாய் நிமிரும்போது நொய் கீழேயே இருக்கும். கொத்திக் கொத்திக் களைத்துப்போய் என்னைப் பார்க்கும். நான் கேப்பை மாவைப் பிசைந்து, மிளகளவு உருட்டி, வாயைப் பிளந்து உள்ளே வைத்து அழுத்துவேன். அது தலையை உதறும். என் பாவாடையெல்லாம் புளித்த கேப்பை வாசனை. பள்ளிக்கூடத்தில் யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை. எனக்கு அதுவும் பெருமையாகவே இருந்தது. சித்தியின் பிள்ளைக்கு வாய் நல்லபடி வருவது என் கையில்தான் இருக்கிறது என்று நினைத்தேன். ஒன்பது வயதில் அப்படி ஒரு அதிகாரம் யாருக்குக் கிடைக்கும்.

குஞ்சு வளர்ந்தது. எல்லாரும் என்னை மெச்சினார்கள். அப்பா லைனிலிருந்து வந்ததும் கோணவாய் எப்படி இருக்கிறது என்றுதான் முதலில் கேட்பார்.

ஆவணியில் எனக்குச் சந்தேகம் தட்டியது. பள்ளிக்கூடம் விட்டு வந்து மாவைப் பிசைந்துகொண்டு போனால், கோணவாயின் தீனிப்பை ஏற்கெனவே நிறைந்து உருண்டையாக இருந்தது. காலையில் நான் ஊட்டியதில் பாதிக்கு மேல் என் பாவாடையில்தான் கிடந்தது, பின் எப்படி நிறையும். இன்னொரு நாள் கூண்டில் நான் வைத்த தட்டைக் காணோம், அதற்குப் பதில் ஒரு ஆழமான கொட்டாங்கச்சி இருந்தது. அதன் அடியில் கூழும், பொடித்த மல்லாட்டையும். நான் மல்லாட்டை வைத்ததே இல்லை.

மல்லாட்டை என்றதும் சித்தப்பாவைச் சந்தேகப்பட்டேன். மண்டியில் உடைந்து கிடக்கும் பருப்பை அவர் மடியில் கட்டிக்கொண்டு வருவார். இரண்டு நாள் அவர் பின்னாலேயே சுற்றினேன். அவர் கொல்லைப்புறம் போவது குளிக்கத்தான். அடுத்து முட்டைக்காரம்மாவைச் சந்தேகப்பட்டேன். தன் பேச்சுப் பொய்த்துப்போகக் கூடாது என்று அவள் வந்து தீனி போடுகிறாளோ என்று. அவளோ வாரத்துக்கு ஒரு தடவை வருகிறவள்.

புரட்டாசியில் கூண்டுக்குள் நகத்துண்டு மாதிரி ஒன்று கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். கோணவாயைத் தூக்கிப் பார்த்தேன். மேல் அலகின் நுனி நீளமாக வளைந்து போய்க்கொண்டிருந்ததை அதுவரை பார்த்திருந்தேன், அது இப்போது குட்டையாக, ஒழுங்காக வெட்டப்பட்டிருந்தது. என் குஞ்சின் வாயை யாரோ ஆயுதம் வைத்து வெட்டுகிறார்கள்.

எஞ்சின் ஷெட்டுக்குப் பின்னால் கொட்டிக் கிடக்கும் சாம்பல் மாவைப்போல் நைசாக இருக்கும். பாவாடையில் அள்ளி வந்து, காலையில் பள்ளிக்குப் போகுமுன் கோணிக்கு அந்தப்பக்கம் தூவி வைத்தேன். சாயங்காலம் வந்து குனிந்து பார்த்தேன். வெறுங்கால் தடம். சின்னப் பாதம். இரண்டாவது விரலுக்குக் கீழே மெட்டி அழுந்திய வட்டம். வீட்டில் மெட்டி போட்ட கால்கள் நாலுதான். அம்மாவின் பாதம் அகலம்.

மறுநாள் வயிற்றுவலி என்று டீச்சரிடம் சொல்லிவிட்டு மத்தியானமே வந்துவிட்டேன். அம்மா தெருக்குழாயில் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். நான் பக்கத்துச் சந்து வழியாகக் கொல்லைப்புறம் போய் எட்டிப் பார்த்தேன்.

சித்தி வயிற்றுக்கு இடம்விட்டுக் காலைப் பரப்பித் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் முந்தானைக்குள் கோணவாய். அதன் தலையைத் தூக்கி அலகை வெயிலுக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். பிறகு அந்தச் சின்னக் கத்தரிக்கோலால் நுனியை மட்டும் நறுக்கினாள். குஞ்சு அசையவில்லை. என் கையில் துள்ளித் துவண்டு உதறுகிற குஞ்சு, சித்தி மடியில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது. முடிந்ததும் கொட்டாங்கச்சியை அவள் பிடித்துக்கொள்ள, அது கழுத்து வரை உள்ளே விட்டு அள்ளி அள்ளித் தின்றது.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்வீர்கள். நான் தெருக்குழாய்க்கு ஓடினேன். நாலு பொம்பளைகள் கேட்க, சித்தி கோணவாயின் வாயைக் கத்தரிக்கோலால் வெட்டுகிறாள் என்று அம்மாவிடம் சொன்னேன். பிள்ளைக்கு ஆபத்து என்ற பயத்தில் சொன்னதாகவே வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். பொறாமையில் சொன்னேன். கோணவாய் உயிரோடு இருப்பது என்னால் இல்லை என்பதை அந்த ஒரு நிமிஷத்தில் பார்த்துவிட்டேன், அது எனக்குப் பொறுக்கவில்லை.

அம்மா குடத்தைப் போட்டுவிட்டு வந்தாள். சித்தி எழுந்திருக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கத்தரிக்கோலை ஒளிக்கக்கூட இல்லை.

"அது தின்ன முடியாம கெடந்துச்சுக்கா. நீங்கதான அது உசுரோட இருக்கணும்னு சொன்னீங்க" என்றாள்.

சித்தி சொன்னது அம்மா காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. பார்க்கவே கூடாது என்று கோணி கட்டினால் நீ மடியில் எடுத்து வைத்துக்கொண்டாயா என்று நடுங்கினாள். சித்திக்கு அழுகை வந்துவிட்டது.

"கிரகணத்தன்னிக்கு நான் எதையும் வெட்டலக்கா. சத்தியமா வெட்டல."

"இன்னிக்கு வெட்டினியே" என்றாள் அம்மா.

சித்தி இந்த வீட்டில் இருந்தால் பிள்ளை பிழைக்காது, தாய்வீட்டில் கொண்டுபோய் விடு என்று அம்மா சித்தப்பாவிடம் சொல்லிவிட்டாள். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். ஏழாவது மாதம் பிறக்க ஒரு வாரம்கூட இல்லை. எங்கள் பக்கத்தில் புருஷன் வீட்டில் வளைகாப்புப் போட்டு, இரண்டு கையும் நிறைய வளையலோடுதான் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புவார்கள். வெறுங்கையோடு அனுப்பினால் ஏதோ நடந்துவிட்டது என்று ஊர் புரிந்துகொள்ளும். சித்தி வெறுங்கையோடு ஜட்காவில் ஏறினாள். தகரப்பெட்டி அவள் காலடியில் இருந்தது. ஏறிய பிறகு என்னைப் பார்த்துக் கிட்டே வரும்படி கையைக் காட்டினாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அடிக்கத்தான் கூப்பிடுகிறாள் என்று நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். ஜட்கா ஸ்டேஷன் பக்கம் திரும்பியது.

அவள் என்ன சொல்ல வந்தாள் என்பது இரண்டு வாரத்தில் எனக்குப் புரிந்தது. கோணவாயின் அலகு மறுபடி வளர்ந்தது. மேல் அலகு ஒரு பக்கம், கீழ் அலகு ஒரு பக்கம், சேரவே சேராமல். கொட்டாங்கச்சிக்குள் தலையை விட்டு எடுத்தால் வாய்க்குள் ஒன்றும் இருக்காது. உருட்டி ஊட்டினேன், வழிந்தது. அப்பாவின் ஷேவிங் பிளேடை எடுத்து நுனியைச் சீவினேன். எவ்வளவு சீவ வேண்டும் என்று எனக்கு எப்படித் தெரியும். ரத்தம் வந்தது. நிற்காமல் வந்தது, மஞ்சள்பொடியை அப்பினேன். அதற்குப் பிறகு என் கை பக்கத்தில் வந்தாலே அது கூண்டின் மூலைக்குப் போய் முகத்தைப் பலகையோடு வைத்துக்கொண்டது.

கார்த்திகை மழையில் ஒருநாள் காலையில் அது செத்துக் கிடந்தது. கையில் எடுத்தேன், இறகு மட்டும்தான் இருந்தது, எடையே இல்லை. நான் அழுதேன். அம்மா அழவில்லை, அவள் முகம் வெளுத்துவிட்டது. முருங்கை மரத்தடியில் தானே பள்ளம் தோண்டிப் புதைத்தாள். யாரிடமும் சொல்லாதே, சித்தப்பாவிடம்கூடச் சொல்லாதே என்றாள். அடுத்த அமாவாசைக்கு மேல்மலையனூர் போய், அம்மன் சன்னதியில் மண்சோறு தின்றுவிட்டு வந்தாள். அதற்கடுத்த அமாவாசைக்கும் போனாள். அம்மாவைக் கொடுமைக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். அந்த இரண்டு மாதம் அவள் ஒருவேளைச் சோறுதான் தின்றாள். ஆனால் பயந்தவளுக்குத் தான் செய்தது தப்போ என்று மட்டும் ஒரு நொடிகூடத் தோன்றவில்லை.

தை மாதத்தில் கடுதாசி வந்தது. பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சௌக்கியம்.

திண்டிவனம் பாசஞ்சரில் அம்மாவும் நானும் போனோம். விக்கிரவாண்டி தாண்டியதிலிருந்து அம்மா வாய்க்குள் அம்மனைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் கை கால்கூடக் கழுவாமல் குழந்தையை வாங்கி, வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், விரலால் மேல் உதட்டை விலக்கி அண்ணம் வரை பார்த்தாள். ஒரு பழுதும் இல்லை. சித்தி பாயில் உட்கார்ந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல நேரத்தில் இங்கே அனுப்பினோம், இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்குமோ என்று அம்மா சித்தியின் அம்மாவிடம் சொன்னாள். அதை அவள் கடைசிவரை நம்பினாள். பேசிக்கொண்டே இருவரும் காபி போட அடுக்களைக்குள் போனார்கள்.

நானும் சித்தியும் குழந்தையும் இருந்தோம். மூலையில் ஒரு கூண்டில் கிழட்டுக் கிளி ஒன்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் மூக்கு நுனி ஒழுங்காக வெட்டப்பட்டிருந்தது.

"கோழி எப்டி கீது பாப்பா?" என்றாள் சித்தி.

"நல்லா கீது சித்தி."

"அலகு வளர்ந்திருக்குமே. யாரு வெட்டி வுடுறாங்க?"

"நான்தான்."

"எதால வெட்டுற?"

கத்தரிக்கோல் அவளிடம் இருந்தது. நான் ஷேவிங் பிளேடு என்றேன். சித்தி குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"ரத்தம் வரலியா?"

"வரல சித்தி."

"எவ்ளோ வுட்டு வெட்டுற? காட்டு."

நான் என் சுண்டுவிரல் நகத்தில், சதை தொடங்குகிற இடத்தைத் தொட்டுக் காட்டினேன். சித்தி அந்த இடத்தையே பார்த்தாள். அங்கே வெட்டினால் என்ன ஆகும் என்று வெயிலில் பிடித்துப் பார்த்து வெட்டுகிறவளுக்குத் தெரியும். அவள் என்னைத் திட்டவில்லை. எப்போது செத்தது என்றும் கேட்கவில்லை. எனக்குக் குழந்தையைத் தூக்க வேண்டும்போல் இருந்தது, இரண்டு கையையும் நீட்டினேன். சித்தி குழந்தையை எடுத்து, தனக்கு அந்தப் பக்கம், சுவர் ஓரமாகப் படுக்க வைத்தாள்.

சித்தி மூன்று மாதம் கழித்து விழுப்புரம் வந்தாள். அம்மாவோடு ஒரே அடுப்பில் முப்பது வருஷம் சமைத்தாள். அம்மாவை மன்னித்துவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன், கடைசிக் காலத்தில் அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டியது அவள்தான். எனக்கும் எந்தக் குறையும் வைத்ததில்லை, என் கல்யாணப் புடவைக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தாள். ஆனால் அடுப்பை அணைத்தாயா, கதவைச் சாத்தினாயா, குழந்தைக்குப் பால் கொடுத்தாயா என்று என்னிடம் எதைக் கேட்டாலும், நான் பதில் சொன்ன பிறகு எழுந்துபோய் ஒரு தடவை தானே பார்த்துவிட்டு வருவாள். அவள் திரும்பி வரும்வரை நான் அங்கேயே நிற்பேன்.